கடைசிச் சொல்லுக்குக் காத்திருந்த சம்மந்தி

தலைமை தாங்கும் தகைசால் ஆசிரியை அவர்களே, முன்வரிசையை முழுதாய் ஆளும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் இருத்திப் பாடம் கேட்கும் தாய்மார்களே, கொரிய வகுப்பில் இன்று காலடி வைக்கும் கண்மணிகளே! வணக்கம்.

முதலில் மன்னிப்பு. இப்பேச்சை நானே எழுதினேன். டயர் கழற்றிய கை, எழுபது வயதில் எழுத்துப் பழகிய கை. எழுத்து ஓரிடம், கொம்பு ஓரிடம்! நடுவே நான் நின்றால் மறதி என்று நினைக்காதீர்கள். என் எழுத்தை நானே தேடுகிறேன்.

கொரியம் கடினமா? யார் சொன்னது? 'தண்ணியைக் கொடுங்க' என்கிறோம். அவர்கள் 'முருல் ஜுசேயோ' என்கிறார்கள். 'முல்' தண்ணீர். நம் 'ஐ' நிற்கும் இடத்தில் அங்கே 'உல்'; சேர்ந்தால் 'முருல்'. லாரிக்குப் பின்னால் கொக்கி மாட்டுவதுபோல் பெயருக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். வினை எங்கே? கடைசியில்! நம் 'ங்க' போல் மரியாதைக்கு வரும் 'யோ' எங்கே? அதற்கும் கடைசியில்!

அங்கே உட்கார்ந்திருக்கும் பழக்கடைக்காரர் என்ன கேட்கிறார்? 'அப்போ நாளைக்கே பேசிடலாமா பெரியவரே?' பேசலாம் தம்பி. ஆனா கடைசி வரைக்கும் மூச்சு வேணும்!

என் மருமகள் கொரியப் பெண். அவளுடைய அப்பா தச்சர். மகளின் பிரசவத்துக்காகக் கடல் கடந்து வந்தார். நாங்கள் பார்ப்போம், சிரிப்போம். அதுவே எங்கள் உரையாடல். மருத்துவமனையில் மகன் உள்ளே, நாங்கள் வராந்தாவில். சம்மந்தி கதவுக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஆறுதல் சொல்ல என்னிடம் சொல் இருந்ததா? இல்லையே!

கதவு திறந்தது. 'குழந்தை பிறந்தாச்சுங்க ஐயா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க' என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செவிலியர் ஓடிவிட்டார். சம்மந்தி என் முகத்தையே பார்த்தார். இதற்கென்றே மருமகள் சொல்லித்தந்த வாக்கியத்தை எடுத்தேன்.

'ஆகிகா...'

குழந்தை! அதற்குமேல் வரவில்லை. கண் நிறைந்தது. அழுகிற கிழவன், பாதி வாக்கியம். பெற்ற மனம் என்ன பாடுபடும்? முகம் வெளுத்துச் சம்மந்தி என் சட்டையைப் பற்றினார்.

'வாஸ்ஸொயோ!' வந்துடுச்சுங்க! வராந்தா அதிரக் கத்தினேன்.

தரையில் உட்கார்ந்து சிரித்தார் சம்மந்தி. எழுந்து, 'ஆகிகா வாஸ்ஸொயோ!' என்று எனக்கே சொன்னார். நான் அவருக்குச் சொன்னேன். துடைப்பம் பிடித்த அம்மாவுக்கு இருவரும் சொன்னோம். ஒரே வாக்கியம்தான், நாள் முழுக்கப் பேசினோம்!

அவர் ஊர் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் இதே வகுப்பில் மறுபடி எழுத உட்காருவேன். அவருக்கு ஒரு கடிதம், அவருடைய எழுத்தில். கோணலாகத்தான் வரும். ஆனாலும் என் கடைசிச் சொல்வரை காத்திருக்க அவருக்குத் தெரியும்.

அவரைப்போலவே காத்திருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம், காம்சாஹம்னிதா!