முடிவைக் காட்டக்கூடாது

— இல்ல டீச்சர், நான் மார்க்கைப் பத்திக் கேக்க வரல.

— எல்லாரும் அப்படித்தான் சார் ஆரம்பிப்பாங்க. காலையில ஒரு அம்மா வந்தாங்க. அவங்களும் மார்க்குக்காக வரலன்னுதான் சொன்னாங்க. போறப்ப ரெண்டு மார்க் வாங்கிட்டுத்தான் போனாங்க.

— நான் பஸ் ஓட்டுறவன். எனக்கு மார்க் கணக்கெல்லாம் தெரியாது. பாப்பா வரைஞ்ச படத்தை நேர்ல பாக்கணும். அவ்வளவுதான்.

— உக்காருங்க முதல்ல. அந்த பெஞ்சு வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

— நிக்கிறேன். பாப்பா எங்க?

— பிரஷ்ஷெல்லாம் கழுவப் போயிருக்கா. இப்ப வரமாட்டா.

— அந்த ரூம்ல யாராவது இருக்காங்களா?

— அது சாமான் ரூம் சார். பழைய மேப், அட்டை, பெயிண்ட் டப்பா.

— நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம்.

— நான் சொல்ல மாட்டேன்.

— நேத்து நீங்க எல்லாப் படத்தையும் போன்ல போட்டீங்கல்ல, பெத்தவங்க குரூப்புல. நான் அதைத் தொறக்கிறதே இல்ல. டிப்போல எங்க கண்டக்டர்தான் காட்டினான். அவன் பையனும் இந்த கிளாஸ்தான். அண்ணே, உன் பொண்ணு கையைப் பாருண்ணே, சினிமாக்காரன் தோத்தான்னான். பாத்தேன். அப்புறம் ரெண்டு ஸ்டாப்புல நிறுத்தாமலே போயிருக்கேன். உள்ள இருந்தவங்க திட்டினப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

— பாருங்க சார், அது ஒரு பயிற்சி. வகுப்புல ஒரு நாவல் படிச்சோம். அதைப் படமா எடுத்தா போஸ்டர் எப்படி இருக்கும்னு ஆளுக்கு ஒண்ணு வரையச் சொன்னேன். மேல பேரு, நடுவுல ஒரு காட்சி, கீழ யார் யார் நடிக்கிறாங்க. படிச்சது மனசுல எப்படி நிக்குதுன்னு பரீட்சை பேப்பர்ல தெரியாது. இதுல தெரியும்.

— இத்தனையும் அந்த ஒரே நாவலுக்கா?

— ஒரே நாவலுக்குத்தான்.

— இதுல ரயில் போகுது. இதுல ஒரு பொம்பள வாசல்ல நிக்கிறா. இது என்ன, துப்பாக்கியா?

— அது உங்க கண்டக்டர் மகன். நாவல்ல துப்பாக்கியே கிடையாது. துப்பாக்கி இல்லன்னா யாரு டீச்சர் டிக்கெட் வாங்குவாங்கன்னு கேட்டான். கீழ பாருங்க, வில்லன் யாருன்னு.

— ஹெட்மாஸ்டரைப் போட்டிருக்கான்.

— அதான் அதை மட்டும் போன்ல போடல.

— பாப்பாவோடது எது?

— ஜன்னலுக்குப் பக்கத்துல. கடைசி. லைட் போடவா சார்?

— வேணாம்.

— தயாரிப்புன்னு உங்களைத்தான் போட்டிருக்கா, பாத்தீங்களா?

— பணம் போடுறவன்தானே. சரியாத்தான் போட்டிருக்கா. நடிப்புன்னு எழுதி ஒண்ணுமே போடலையே?

— கேட்டேன். கதையில வர்ற அம்மாவா நடிக்க யாரும் சரியா வரமாட்டாங்கன்னு சொன்னா.

— ...

— ரொம்ப நேரமா அதையே பாத்துட்டு நிக்கிறீங்க.

— டீச்சர், ஒண்ணு கேக்குறேன். யோசிச்சுச் சொல்லுங்க. பாப்பா நடுவுல வரைஞ்சிருக்கிற இந்தச் செருப்பு நாவல்ல வருதா?

— வருது.

— யோசிக்கவே இல்லையே நீங்க.

— நடத்தினது நான்தானே சார். கடைசியில வருது. ஏரிக்கரைப் படியில ஒரு ஜோடி செருப்பு.

— அப்ப இத்தனை பேர் வரைஞ்சதுல வேற ஒருத்தர்கூட ஏன் செருப்பைப் போடல?

— நான் ஒரு விதி சொல்லியிருந்தேன். போஸ்டர்ல முடிவைக் காட்டக்கூடாதுன்னு. காட்டிட்டா அப்புறம் எவன் உள்ள வருவான்? மத்த பசங்க கேட்டுக்கிட்டாங்க. உங்க பொண்ணு முடிவைத் தூக்கி நடுவுல வச்சுட்டா. அதனாலதான் மார்க் குறைஞ்சுது. கிளாஸ்ல நல்லா வரையிறது அவதான். இருந்தாலும் விதின்னு ஒண்ணு சொல்லிட்டா எல்லாருக்கும் ஒண்ணுதானே.

— அப்படியா.

— ஆமா.

— ரைட்டு. அப்ப புத்தகத்தைக் காட்டுங்க. அந்த ஒரு பக்கத்தைப் படிச்சுட்டுப் போயிடுறேன்.

— எல்லாத்தையும் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்தாச்சு சார். பசங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

— உங்ககிட்ட ஒண்ணு இருக்குமே.

— ஒரு பிள்ளைக்குக் குறைஞ்சுது. என்னோடதையும் கொடுத்துட்டேன்.

— ...

— ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க?

— ஒண்ணுமில்ல. கதையாவது சொல்லுங்க.

— ரயில்வே குடியிருப்புல ஒரு குடும்பம். அந்தம்மா நல்லாத்தான் இருப்பாங்க. சமைப்பாங்க, துவைப்பாங்க, எல்லாம் செய்வாங்க. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும். வீட்டுல யாருக்கும் அது உறைக்காது.

— கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுவாளா?

— அப்படித்தான் வரும்.

— ம். அந்தச் செருப்புல ஒண்ணுக்கு வார் பிஞ்சு ஊக்கு குத்தியிருக்கு. அதுவும் புத்தகத்துல இருக்கா?

— இருக்கு.

— எந்தக் கால்?

— இடது.

— படத்தைப் பாத்துச் சொல்றீங்களா, புத்தகத்தை நினைச்சுச் சொல்றீங்களா?

— நான் படத்துக்கு முதுகைக் காட்டிட்டுத்தானே சார் நிக்கிறேன்.

— ஊக்கைக் குத்தினது யாரு?

— அது கதையில சொல்லல.

— நான்தான் குத்தினேன்.

— என்ன சொல்றீங்க சார்?

— கதையில இல்ல. என் வீட்டுல. முந்தின ராத்திரி, சோறு சாப்பிட்டுட்டு. நாளைக்குத் தைக்கக் கொடுத்துடலாம்னு சொன்னேன். சரின்னா.

— உக்காருங்க சார். தண்ணி குடிங்க.

— பாப்பாவோட அம்மா காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். அப்ப அவ ஒண்ணாங்கிளாஸ். அந்த வயசுப் பிள்ளைகிட்ட என்னத்தைச் சொல்றது? அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அந்த அப்புறம் வரவே இல்ல. மாத்தல் வாங்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டோம். இங்க ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது.

— காய்ச்சல் இல்லையா?

— ஏரி.

— ஏரியா?

— அன்னைக்கு டிப்போலேருந்து காலி வண்டியை எடுத்துட்டு வர்றேன். இருட்டு இன்னும் விலகல. ரோடு ஏரிக்கரையை ஒட்டித்தான் போகும். லைட் வெளிச்சத்துல படியில செருப்பு தெரிஞ்சுது. நானே குத்தின ஊக்கு, எனக்குத் தெரியாதா? இறங்கி ஓடினேன். தண்ணி அப்படியே அசையாம கெடந்துச்சு. செருப்பை எடுத்து பேப்பர்ல சுத்தி சீட்டுக்கு அடியில வச்சேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. இப்பவும் வீட்டுப் பரண்ல இருக்கு.

— பரண்ல அவ பாத்திருப்பாளோன்னு பயப்படுறீங்களா?

— முதல்ல அதைத்தான் நினைச்சேன். பாத்தா பாத்துட்டுப் போகட்டும், ஏதோ பழைய செருப்பு. ஆனா படத்தை நல்லாப் பாருங்க. முனை எந்தப் பக்கம் இருக்கு?

— கரைப் பக்கம்.

— தண்ணியில இறங்குறவங்க செருப்பைக் கழட்டினா முனை தண்ணியைப் பாத்துத்தானே இருக்கும்? இது கரையைப் பாத்து இருந்துச்சு. ஜோடியா, வாசல்ல கழட்டி விட்ட மாதிரி. அதைப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். போலீஸ்கிட்டகூடச் சொன்னதில்ல. பரண்ல இருக்கிற செருப்பு எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷமா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அதையேதான் நினைச்சுட்டுப் போறேன். கழட்டுறப்ப அவ திரும்பி நின்னிருக்கா. எதையோ பாத்திருக்கா. எதைப் பாத்தா? அந்நேரத்துல அங்க என்ன இருக்கு?

— சார்...

— புத்தகத்துல அப்படி இல்லன்னா, பாப்பா அங்க இருந்திருக்கணும் டீச்சர். வேற வழியே இல்ல.

— அவ வீட்டுல தூங்கிட்டு இருந்திருப்பா.

— தூங்கிட்டுத்தான் இருந்தா. நான் பதறியடிச்சு வீட்டுக்கு வந்தப்ப பாயில சுருண்டு கெடந்தா. கால் மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு. போர்வை விலகிடுச்சுன்னு நினைச்சு இழுத்து மூடிவிட்டேன். நேத்து அந்தப் படத்தைப் பாக்குற வரைக்கும் அந்தக் காலை நான் நினைச்சதே இல்ல.

— ...

— ஏன் பேச மாட்டேங்கிறீங்க?

— புத்தகத்துல இருக்கு சார்.

— எது?

— செருப்பு கரையைப் பாத்து இருக்கும். கடைசிக்கு முந்தின பக்கம். அந்தம்மா படியில நின்னு ஒரு தடவை திரும்பி வீட்டைப் பாப்பாங்க. வேற யாரும் அங்க இருக்க மாட்டாங்க. தூரத்துல வீடு மட்டும் தெரியும். பாத்தபடியே செருப்பைக் கழட்டுவாங்க. அதனாலதான் அது அப்படி இருக்கும்.

— வீட்டைப் பாப்பாங்களா?

— வீட்டைத்தான். ஏன் டீச்சர் திரும்பி நின்னாங்கன்னு பசங்க கேட்டாங்க. மறுபடி வந்து மாட்டிக்கணும்னு ஒரு நிமிஷம் தோணியிருக்கும்னு சொன்னேன்.

— வந்து மாட்டிக்கணும்னு.

— ஆமா. குடிங்க சார்.

— எழுதினவனுக்கு எப்படி டீச்சர் இதெல்லாம் தெரியும்?

— அவரும் ஏதோ ஒரு ஏரியைப் பாத்திருப்பார். எந்த ஊர்ல இல்ல?

— நேத்துலேருந்து எனக்குச் சோறு இறங்கல. பெத்த பிள்ளை முகத்தைப் பாக்கப் பயந்துகிட்டு, அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். கடைசியில பாத்தா, கதை.

— கதைதான்.

— படிச்சப்ப அழுதாளா?

— இல்ல. இந்தப் படத்தைச் சுவத்துல மாட்ட வேணாம்னு மட்டும் சொன்னா. மார்க் குறைஞ்ச கூச்சம்னு நினைச்சு நான்தான் மாட்டினேன். போன்லயும் போட்டுட்டேன். அவகிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கணும்.

— நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா விதியைச் சொன்னதுக்கு அப்புறமும் இதைப் போய் ஏன் வரைஞ்சா? சொன்ன பேச்சைத் தட்டாதவளாச்சே.

— சிலதைப் படிச்சா உள்ளயே தங்கிடும் சார். எங்கயாவது இறக்கி வச்சாத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும்.

— ம். இதை நான் எடுத்துட்டுப் போகவா?

— வேணாம் சார். வீட்டுல பாத்தா, ஏன் எடுத்துட்டு வந்தீங்கன்னு கேப்பா. நானே கழட்டி உள்ள வச்சுடுறேன்.

— அதுவும் சரிதான். அவளுக்கு எதுவும் தெரிய வேணாம் டீச்சர். காய்ச்சலாவே இருந்துட்டுப் போகட்டும். தலை வாரி விடத் தெரியாது எனக்கு. ஒழுங்கா சமைக்கத் தெரியாது. ஸ்கூல்ல கூட்டம்னா வந்தது கிடையாது. அவளுக்குன்னு நான் உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான். அவ அம்மா காய்ச்சல்ல போனா. அது ஒண்ணு அவகிட்ட பத்திரமா இருக்கணும்.

— இருக்கும் சார்.

— ரைட்டு. வரேன். அந்த பெஞ்சுக்கு ஒரு கட்டை கொடுக்கச் சொல்லுங்க. எந்தப் பிள்ளையாவது விழுந்து வைக்கப் போகுது.

— சொல்றேன். பாத்து இறங்குங்க, படியில லைட் இல்ல.

— பழக்கம்தான்.

— ...

— வா வெளிய. அப்பா போயிட்டார்.

— படி இறங்குற சத்தம் கேக்கட்டும் டீச்சர்.

— கேட்டுது. கீழ போயாச்சு.

— நம்பிட்டாரா?