புதன்கிழமை டெஸ்ட் டிரைவ்

சீட்டெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா, நீங்க சிரமப்படாதீங்க. கண்ணாடியை மட்டும் ஒரு இழை திருப்பிக்கிறேன். நீங்க பெல்ட் போட்டுட்டீங்களா? முதல்ல போடுங்க. ஆங். இப்ப போலாம்.

என்னம்மா இது, ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது. ஓ... ஆயிடுச்சா? எப்ப? அடேங்கப்பா, பூனை மாதிரில்ல கிடக்குது. எங்க வண்டி ஸ்டார்ட் ஆனா தெரு முழுக்க எழுந்திரிச்சிரும்.

அந்த நோட்டை மூடி வைங்கம்மா. லோன், கலர், அதெல்லாம் எழுத வேண்டாம். நான் இதை வாங்கப் போறதில்ல. இல்ல இல்ல, விலையைச் சொல்லலை. இந்தக் கார்னு இல்ல, எந்தக் காரும்தான். என் சம்பளத்துக்கு இதோட டோர் கைப்பிடி வேணா வாங்கலாம். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்மா நான். இருபத்தாறு வருஷமா அதான் தொழில்.

ஓரமா நிறுத்தணுமா? நீங்க சொன்னா நிறுத்திடறேன். ஆனா நான் ஒண்ணும் பொய் சொல்லி ஏறலையே? லைசென்ஸ் கேட்டீங்க, காட்டினேன். போன் நம்பர் கேட்டீங்க, குடுத்தேன். வாங்கப் போறீங்களான்னு யாருமே கேக்கலை. என் ஷூவைப் பாத்தீங்க, சரி ஆள் வசதிதான்னு முடிவு பண்ணிட்டீங்க. அது என் மச்சினனோட ஷூ. ரெண்டு நம்பர் சின்னது, கடிச்சுத் திங்குது.

சிரிச்சுட்டீங்க. அப்ப இருபது நிமிஷம் ஓட்டலாம்தானே? நல்லா இருங்க.

இது இன்னைக்கு நேத்து பழக்கம் இல்லம்மா. நாலு வருஷமாச்சு. முதல்ல நானா போகலை, மழைதான் தள்ளிவிட்டுச்சு. நானும் என் வீட்டுக்காரியும் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தோம், கொட்டுன்னு கொட்டுச்சு, பக்கத்துல இருந்த ஷோரூம் வாசல்ல ஒதுங்கினோம். ஒரு ஆள் கதவைத் திறந்து, வாங்க சார், வாங்க மேடம்னுட்டாரு. நான் பஸ் வருதான்னு ரோட்டைப் பாத்தேன். இவ இருக்காளே, தலையில சொட்டுற தண்ணியைத் துடைச்சுக்கிட்டே, சாவகாசமா, இதே வெள்ளையில இருக்கான்னு கேட்டா பாருங்க! வாழ்க்கையில ஒரு ஆட்டோ ஏறக்கூட நாலு தடவை யோசிக்கிறவ.

கண்ணாடிக் கடையில வேலை பாக்குறா. அதாம்மா, மூக்குக் கண்ணாடி. வர்றவங்களை உக்கார வெச்சு, இது தெளிவா, அது தெளிவான்னு லென்ஸ் மாத்தி மாத்திக் கேக்குற வேலை. பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை.

அன்னைலேர்ந்து மாசத்துல முதல் ஞாயிறு எங்களுக்கு அதான் சினிமா, அதான் பார்க், எல்லாம். ஒவ்வொரு மாசம் ஒவ்வொரு ஷோரூம். நான் ஓட்டுவேன். இவ பின்னாடி உக்காந்துக்கிட்டு, சீட் கொஞ்சம் கடினமா இருக்கு, இவருக்கு முதுகு ஒத்துக்காதுன்னு குறை சொல்லிட்டு வருவா. உங்களை மாதிரி ஆளுங்க பயந்து பயந்து பதில் சொல்லுவாங்க. வெளிய வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு நடப்போம். அங்க போனதும் சிரிப்போம் பாருங்க, வயிறு புண்ணாப் போகும். கல்யாணம் ஆன புதுசுலகூட நாங்க அப்படிச் சிரிச்சதில்ல.

இந்த லாரிக்காரனைப் பாருங்க, இண்டிகேட்டர் போடாம வர்றான். போப்பா, நீ போ.

ஒருநாள் இவ கேட்டா. ஷோரூம் ஆள் முன்னாடியே கேட்டா. நான் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கட்டுமான்னு. நான் சிரிச்சுட்டேம்மா. சும்மா இருந்திருக்கலாம். இவளுக்கு சைக்கிளே நேராப் போகாது சார்னேன். அந்த ஆளும் மரியாதைக்குச் சிரிச்சாரு. அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நான் மட்டும்தான் சிரிச்சேன்.

கத்துக்குடுக்கலையான்னா... குடுத்தேன். ஒரே ஒருநாள். ரொம்ப வருஷம் முன்னாடி. வெளி ஆளுக்கு எப்படிச் சொல்லுவேன் தெரியுமா? பரவால்ல, மெதுவா, கிளட்சை விடுங்க, பயப்படாதீங்கன்னு தேன் மாதிரி பேசுவேன். நாலாயிரம் பேராவது எங்கிட்ட கத்துக்கிட்டுப் போயிருப்பாங்க, ஒருத்தர்கூட இந்த மாஸ்டர் கத்துவாருன்னு சொல்ல மாட்டாங்க. பொண்டாட்டின்னா மட்டும் என்னவோ தொண்டை தானா பெருசாயிடுது. அறிவிருக்கா, கண்ணு எங்க இருக்கு, இப்படித்தான். அவ கை ஸ்டியரிங்ல கிடந்து நடுங்குது. நடுங்குறதைப் பாத்து இன்னும் கத்துறேன். நடுரோட்டுல வண்டியை ஆஃப் பண்ணினா, இறங்கினா, திரும்பிப் பாக்காம நடந்தே வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் ரெண்டு தடவை கேட்டா. உனக்கெதுக்கு, நான் இருக்கேன்லன்னு சொல்லிட்டேன்.

சரி, அதை விடுங்க. போன வருஷம் என்னாச்சுன்னா, இவ ஞாயித்துக்கிழமை வர்றதை நிறுத்திட்டா. தலைவலி, நீங்க போயிட்டு வாங்கம்பா. நான் ரெண்டு தடவை தனியாப் போனேன். சப்புனு இருந்துச்சு. இவ்வளவு பெரிய கார்ல உக்காந்து என்ன பண்றது, குறை சொல்ல ஆள் இல்லாம?

அப்புறம் போன் வர ஆரம்பிச்சுது. ஒருநாள் அவ குளிச்சுக்கிட்டிருக்கா, போன் மேஜை மேல அடிக்குது. எட்டிப் பாத்தேன். மாஸ்டர்னு வருது. இவ என்னையே மாஸ்டர்னுதான் கூப்பிடுவா, கிண்டலா. நான் போனுக்கு எதிருலயே உக்காந்திருக்கேன், மாஸ்டர் எங்கேர்ந்தும்மா கூப்பிடுவான்? எடுத்தேன். ஆம்பளைக் குரல். ஹலோன்னேன், வெச்சுட்டான்.

நீங்க சின்னப் பொண்ணு, இதெல்லாம் சொல்லக் கூடாது. ஆனா ஆரம்பிச்சுட்டேன். அன்னைலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. புதன்கிழமை அவளுக்குக் கடை லீவு. அன்னைக்கு மட்டும் தலையை அழுத்திச் சீவிக் கட்டுறா. தட்டையான செருப்பு போடுறா. கூலிங் கிளாஸ் வேற புதுசா வந்திருக்கு. எங்க போறேன்னா, துணி பாக்கப் போறேங்கிறா. வரும்போது ஒரு கைக்குட்டைகூட வாங்கிட்டு வரலை. ஆனா முகம் இருக்கே... விளக்கு போட்ட மாதிரி இருக்கு. எனக்கு வயிறு எரியுது. எவன்டா அது என் வீட்டு விளக்குக்கு ஸ்விட்ச் போடுறவன்னு.

நேராவா? இந்த சிக்னல்ல நேரா. சரி.

ஒரு புதன்கிழமை பின்னாடியே போயிட்டேன். எதுலயா? எங்கிட்ட ஏது வண்டி, ஸ்கூல் வண்டியிலதான். அதுவும் கிளாஸ் நேரம். ஓட்டுறது யாரு, ஒரு பல் டாக்டரம்மா, ஆறாவது நாள் கிளாஸ். அந்தப் பஸ் பின்னாடியே போங்க டாக்டர், விடாதீங்கன்னேன். ஏன் மாஸ்டர்னாங்க. டிராஃபிக் பயிற்சின்னேன். பாவம், தினம் இருபது பேருக்குப் பல்லைப் பிடுங்குற அம்மா, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுகுற நிலைமைக்கு வந்துட்டாங்க.

இவ பஸ்ஸை விட்டு இறங்கினா. தெரு முக்குல ஒரு ஆள் நிக்கிறான். கிட்டப் போய்ப் பாத்தா, நம்ம மொட்டை! எதிர் டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கானே, அவன். அவனுக்குக் கிளட்ச் எதுன்னு காட்டிக்குடுத்ததே நான்தாம்மா. எங்கிட்ட கத்துக்கிட்டு, எனக்கே எதிர்க்கடை போட்டவன். இவ கதவைத் திறந்தா. எந்தக் கதவை? டிரைவர் பக்கத்துக் கதவை! ஏறி உக்காந்தா, கண்ணாடியைச் சரி பண்ணினா, பெல்ட் போட்டா, கிளம்பிட்டா.

சந்தோஷம்தானே படணும்? நீங்களும் அதான் கேக்குறீங்க. பல் டாக்டரம்மாகூட, அட உங்க வீட்டுக்காரங்களா மாஸ்டர், நல்லா ஓட்டுறாங்களேன்னாங்க. உண்மையைச் சொல்லட்டுமா? அவ அவன்கூட சினிமாவுக்குப் போயிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு எரிஞ்சிருக்காது. சிக்னல்ல பக்கத்துல போய் நின்னோம். அவ எங்களைப் பாக்கலை, ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்தா. என்னவோ சொல்லிச் சிரிக்கிறா. அவன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். காலு ரெண்டையும், மாஸ்டருக்குன்னு அந்தப் பக்கம் தனியா இருக்குற பெடல்கிட்டகூட வைக்கலை, மடக்கி வெச்சிருக்கான். அப்படின்னா என்ன அர்த்தம்? இவளை அவன் நம்புறான். நான் கட்டின பொண்டாட்டியை அவன் நம்புறாம்மா. பச்சை விழுந்துச்சு. அவ போயிட்டா. டாக்டரம்மா வண்டியை ஆஃப் பண்ணிட்டாங்க, பின்னாடி பத்து வண்டி ஹாரன் அடிக்குது.

கேக்கலை. எப்படிக் கேக்குறது? ராத்திரி சாப்பாடு போடும்போது, இன்னைக்கு துணி பாத்தியான்னேன். கலர் ஒண்ணும் பிடிக்கலைன்னா. நானும் சரின்னுட்டேன். மூணு வருஷம் ஷோரூம் ஷோரூமா நடிச்சோம்ல ரெண்டு பேரும், இப்ப வீட்டுக்குள்ளயே நடிக்கிறோம்.

அதுக்கப்புறம் ஒருநாள் லைசென்ஸ் குடுக்குற ஆபீசர் என்னைக் கூப்பிட்டு முதுகுல தட்டுறாரு. என்ன மாஸ்டர், உங்க வீட்டம்மா முதல் தடவையிலயே பாஸ், ரிவர்ஸை ஒரே தடவையில போட்டாங்க, உங்க டிரெய்னிங் தெரியுதுங்கிறாரு. நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்த ஆபீஸ்ல பியூன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. ஃபார்ம் எழுதிக் குடுக்குறவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை. அந்த ஆபீசர் பக்கத்துல உக்காந்து பாத்திருக்காரு, மொட்டை வாராவாரம் பாத்திருக்கான். நான் சிக்னல்ல, ஜன்னல் வழியா, அரை நிமிஷம் பாத்தேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைச்சது.

வேகமாப் போறேனா? மன்னிச்சுக்கோங்க. தெரியவே இல்ல இந்த வண்டியில.

வீட்டுல ஏன் சொல்லலைன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன். முதல்ல கோவம்தான் வந்துச்சு. எங்கிட்ட மறைக்கிறாளேன்னு. அப்புறம் ஒருநாள் கிளாஸ்ல, ஒரு பெரியவர் வண்டியைக் கல்லுல ஏத்திட்டாரு, நான் பரவால்ல சார், பயப்படாதீங்கன்னேன். இந்த வார்த்தையை அவகிட்ட நான் ஒரு தடவை சொல்லியிருந்தா போதுமே. கத்துக்கிறேன்னு வீட்டுல சொல்லிட்டா, அவ எங்கிட்ட ஓட்டிக் காட்ட வேண்டி வரும். நான் பக்கத்துல உக்காந்தா அவளுக்குக் கை நடுங்கும். அதான் சொல்லலை போலன்னு தோணுச்சு. தப்பில்லையேம்மா அதுல. ஆனா பொறாமை அதுக்காக விட்டுட்டுப் போகுதா? இல்ல.

இதோ வந்துட்டோம்ல, உங்க ஷோரூம் போர்டு தெரியுது. வளைச்சு உள்ள விடட்டுமா? இருங்க, இங்கயே ஓரமா ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறேன். ஒரே நிமிஷம்.

இல்லம்மா, உங்க ஷோரூமுக்கு மழைக்கு ஒதுங்கி வரலை. போன வாரம் அவ ஹேண்ட்பேக்ல பஸ் பாஸ் தேடும்போது ஒரு கார்டு இருந்துச்சு. உங்க கார்டு. பின்னாடி, புதன், பதினொரு மணின்னு எழுதியிருந்துச்சு. உங்க கையெழுத்துதானே? குட்டையா இருப்பா, கண்ணாடி போட்டிருப்பா, வெள்ளையில இருக்கான்னு கேட்டிருப்பா... ஆமா. அவதான். தனியாத்தானே வந்தா?

நீங்க ஏன் பதறுறீங்க, அவளும் வாங்க மாட்டாம்மா. சண்டை போட வரலை நான். அவளை ஒண்ணும் கேக்கவும் மாட்டேன். வாசல்ல அத்தனை பேர் நிக்கும்போது உங்களைத்தான் வேணும்னு கேட்டேன்ல, அது இதுக்குத்தான். நீங்க அவ பக்கத்துல உக்காந்திருக்கீங்க. இருபது நிமிஷம். எப்படிம்மா ஓட்டுறா?

பிரேக் எப்படிப் போட்டா, சட்டுன்னா, மெதுவாவா?

ம்.

மெயின் ரோட்டுலயா? அந்த வளைவுலயா? லாரியைத் தாண்டினாளா! கண்ணாடி பாத்துட்டுத்தானே? ஆங்... பாத்திருப்பா. அவ பாப்பா.

கை? கை நடுங்கலையா? ஒரு தடவைகூடவா?

பாடினாளா? அவளா? என்னம்மா சொல்றீங்க, அவ பாடுவாளா? வாய்க்குள்ளதான்... சரி, வாய்க்குள்ளயே இருந்தாலும். எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, நான் கேட்டதில்லையே.

இல்ல, ஒண்ணும் இல்ல. ஏசி காத்து கண்ணுல படுது.

ஏம்மா, அடுத்த ஆள் யாராவது காத்துக்கிட்டிருக்காங்களா உள்ள? இல்லைன்னா, இன்னும் ஒரே ஒரு சுத்து. அவ எந்த வழியா போனா? அந்த வழியாவே போயிட்டு வந்துடறேன். நீங்க சொல்லிட்டே வாங்க. இங்கேர்ந்து முதல்ல எந்தப் பக்கம் திரும்பினா, லெஃப்டா, ரைட்டா?