மண்ணு பொண்டாட்டி பேர்ல

— ஒரே ஒரு கையெழுத்து, மாலி. நெலம் உன் பேர்ல. உன் பரங்கிப் புருசன் கண்ணுல பஞ்சு வெச்சுக் கட்டிக்கிட்டு கோன்கேன் ஆஸ்பத்திரியில கெடக்கான். தரகன் வெளிய நிக்கிறான். இன்னும் என்ன யோசனை?

— நிக்கட்டும் அண்ணே. அந்த ஒடம்புக்குக் கொஞ்சம் வேர்த்தா நல்லதுதான்.

— வெளையாடாத. கேட்டுக்க, பேங்காக் பார்ட்டி. இன்னைக்கு விட்டா ஓடிப்போயிடுவான்.

— அவரு திரும்பி வந்தா எங்க படுப்பாரு?

— அவன் நாட்டுல போய்ப் படுக்கட்டும்! ஆயுசு பூரா கப்பல்ல எஞ்சின் தொடச்சுச் சேத்த காசு. அதக் கொண்டாந்து கொட்டிட்டு, பதிவு ஆபீசுல, ‘இதுல என் காசு துளியும் இல்ல, எனக்கு உரிமையும் இல்ல’ன்னு எழுதிக் குடுத்தானே! அதுவும் சிரிச்சுக்கிட்டே!

— தாய்லாந்துல வெளிநாட்டுக்காரன் பேர்ல மண்ண எழுத மாட்டாங்க. சட்டம். அவரு என்ன பண்ணுவாரு?

— மூளை உள்ளவன் வாடகைக்கு இருப்பான். இவன் மாமரம் வெக்கிறான். தெனம் விடிஞ்சா சாமி மாடத்துல செவப்புச் சோடா வெச்சுக் கும்பிடுறான். நம்ம ஊரு பூதமே அவனப் பாத்துச் சிரிக்குது.

— கும்பிடவாவது செய்யிறாரு. நீ அந்தச் சோடாவ எடுத்துக் குடிச்ச ஆளு.

— வீணாத்தானே போகுது! அத விடு. இந்தத் தூணெல்லாம் யாரு நிறுத்தினா? நான். சிமெண்டு தின்னு நகம் போச்சு. அவன் பக்கத்துல நின்னு ‘நேரா இருக்கா, நேரா இருக்கா’ன்னு நச்சரிச்சான். நேரா இருந்துட்டா உன்னுதாயிடுமாடா?

— கூலி வாங்கினல்ல?

— வாங்கினேன். கேட்டுக்க, அடுத்தவ மண்ணுல கல்லு வெக்கிறவன் மனுசனே இல்ல. மாடு. உழுதுட்டுப் போற மாடு.

— சரி, வித்துட்டு?

— ஆத்தோரம் சின்னதா ஒரு வீடு பாப்போம். நீ ஒரு அறை, நான் ஒரு அறை.

— அண்ணி?

— அவ எதுக்கு நடுவுல?

— ஞாயித்துக்கெழமை அண்ணி ஃபோன் பண்ணுச்சு.

— என்னவாம்?

— உன் துணியெல்லாம் அரிசிச் சாக்குல கட்டி வாசப்படியில வெச்சாச்சாம். உள்ள கால் வெச்சா ஒலக்கை எடுப்பாளாம்.

— அது நான் கட்டின வீடு! தைவான்ல இரும்பு வார்க்கிற எடத்துல வெந்து, மாசாமாசம் அனுப்பிக் கட்டின வீடு!

— மண்ணு?

— எந்த மண்ணு?

— மண்ணு யாரோடது, அண்ணே?

— மாமியாரோடது. அதுக்கென்ன இப்ப? நம்ம பக்கம் மாப்பிள்ளையாப் போனவன் எவன் சொந்த மண்ணுல கட்டினான்? பொண்ணுக்குத்தான் மண்ணு குடுக்குறாங்க. நம்ம அப்பனும் அம்மா மண்ணுலதான் கெடந்தான்.

— என் வீட்டுக்காரர்கிட்டயாவது எழுதி வாங்கினாங்க. உன்கிட்ட அதுகூடக் கேக்கல.

— வாய மூடு… தரகன்கிட்ட என்ன சொல்ல?

— வீட்டுக்குப் போகச் சொல்லு. அவனுக்காவது ஒண்ணு இருக்கும்.

— மாலி…

— போய்ச் சாக்கத் தூக்கிட்டு வா. பின்னறையில கட்டில் போட்டு, கொசுவலையும் கட்டியிருக்கு.

— நீயா போட்ட?

— நானா? வேணவே வேணாம்னேன். அண்ணி ஃபோன்ல கத்தினதக் கேட்டுட்டு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற அன்னிக்கு உன் பரங்கிதான் போட்டுட்டுப் போனாரு.