கடைசி மீதி பூஜ்ஜியம்

எங்கள் வீட்டு ஜெனரேட்டர் சின்னது. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கு எளிதாகப் புரியும், இன்ஸ்பெக்டர்.

நம் குமாசி நகரத்தில் கரண்ட் போகும் லட்சணம் உங்களுக்கும் தெரியும். போனால் என் அண்ணன் அடுசேயின் ஆக்சிஜன் மெஷினை ஜெனரேட்டரில் மாட்டுவோம். கூட இன்னொன்றை மாட்டினால் அது படுத்துவிடும்.

நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். தலை நரைக்கும்வரை ஒரு பகா எண்ணைத் தேடியவன். இரண்டைப் பல கோடி தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது என்று நிரூபிக்க ஒரு சோதனை உண்டு. நாலில் தொடங்கி, வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, அந்த எண்ணால் வகுத்த மீதியை மறுபடி வர்க்கம் எடுக்க வேண்டும். இப்படிக் கோடிக்கணக்கான சுற்றுகள். கடைசி மீதி பூஜ்ஜியமானால் பகா எண். கரண்ட் போய், சேமித்த கோப்பு கெட்டு, ஏற்கெனவே இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கியிருந்தேன். எவனாவது முந்திவிடுவானோ என்ற பயத்தில் ஃபுஃபுக் களிகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"என்னடா தம்பி, உன் நம்பருக்கு இன்னும் மூச்சு இருக்கா? எனக்கு இருக்குற அளவாவது இருக்கா?" என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

சனிக்கிழமை மத்தியானம் ஃப்ரேமா அண்ணி சந்தைக்குப் போயிருந்தார். கரண்ட் போனது. வழக்கம்போல் அண்ணனின் மெஷினைத்தான் மாட்டினேன். கம்ப்யூட்டரின் பேட்டரி கத்த ஆரம்பித்தது. கடைசிச் சுற்றுகள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணனின் ப்ளக்கைக் கழற்றி, கம்ப்யூட்டரை மாட்டினேன்.

"பத்து நிமிஷம்ணே. முடிஞ்சிரும்."

"சீக்கிரம்டா."

பத்து நிமிடத்தில் முடியவில்லை. அண்ணன் கட்டில் கம்பியைத் தட்டினார். கவனம் சிதறுகிறதென்று கதவைச் சாத்தினேன். திரையைப் பார்க்க ஒரு கவனமும் தேவையில்லை, இருந்தும் சாத்தினேன். தட்டுவது நின்ற பிறகும் உட்கார்ந்தே இருந்தேன்.

மீதி பூஜ்ஜியம். சந்தோஷத்தில் அழுதேன். பிறகு போய் ப்ளக்கை மாற்றினேன்.

அண்ணி வந்து, "மெஷின் ஓடிட்டுத்தானே இருக்கு, அப்புறம் எப்படி?" என்றார்.

"தெரியல அண்ணி."

சந்தைக்குப் போனதற்காக அவர் இன்னும் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார். கணக்கில் பிழையை விட்டுவைக்க எனக்கு மனம் வராது. அதனால்தான் நானாகவே வந்தேன்.

உலகம் தோன்றும் முன்பே அது பகா எண்தான். நான் கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். கண்டுபிடித்தவன் என்ற பெயர்தான் காத்திருக்காது.

நான் அனுப்பிய எண்ணை வெளிநாட்டில் வேறொரு கம்ப்யூட்டரிலும் சரிபார்த்துவிட்டார்கள். யார் பெயரைப் போடுவது என்று கேட்டார்கள். என் பெயரோடு அண்ணன் பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளமாட்டார். நான் கேட்ட எதையும் அவர் இல்லையென்று சொன்னதே கிடையாது.