நான்காவது வரியில் ஒரு திருத்தம்

ஒரு சின்னத் திருத்தத்துக்காகத்தான் வந்தேன், ஐயா. வாசலில் இருந்த போலீஸ்காரர் புகார் கொடுக்கும் ஜன்னலுக்குப் போகச் சொன்னார். புகார் எதுவும் இல்லை, நீங்கள் கொடுத்த தாளில் ஒரு வரி தப்பாக இருக்கிறது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உங்களிடம் அனுப்பினார். இந்த அறையில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. என் தொழிலில் பாதி வேலையை வெளிச்சம்தான் செய்யும்.

நான் எழுத்து வெட்டுகிறவன். பித்தளைத் தகட்டில் பெயர்ப் பலகை, பரிசுக் கோப்பையில் ஜெயித்தவர் பெயர், கடிகாரத்தின் முதுகில் கல்யாண நாள், இப்படி எதைக் கேட்டாலும் வெட்டிக் கொடுப்பேன். உங்கள் மேசையில் இருக்கிற பலகை என் கடையில் செய்தது இல்லை. இரண்டாவது எழுத்து சாய்ந்திருக்கிறது. குறை சொல்லவில்லை, பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது.

எங்கள் சங்கத்தைப் பற்றி உங்களுக்கு இப்போது ஓரளவு தெரிந்திருக்கும். கடையில் விற்கிற காற்றுத் துப்பாக்கியை வாங்கி, அதன் பளபளப்பை எடுத்து, யாரோ முப்பது வருஷம் இடுப்பில் வைத்துத் திரிந்த நிஜத் துப்பாக்கி போல ஆக்குவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. சுட்டால் பிளாஸ்டிக் குண்டு வரும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தின் மாடியில் கூடுவோம். வருஷத்துக்கு ஒரு போட்டி, ஒரு கோப்பை. எங்களுக்குக் கறாரான ஒரே விதி உண்டு. துப்பாக்கியின் முன்நுனியில் இருக்கும் ஆரஞ்சு வளையத்தை யாரும் தொடக்கூடாது. அது பொம்மை என்பதற்கு அதுதான் அடையாளம். போட்டி மேசையில் மட்டும் நடுவர் தன் கையால் நுனிக்கு ஒரு கறுப்புக் காகித உறை மாட்டுவார். பார்த்து முடித்ததும் அவரே கழற்றிவிடுவார். 'யாராவது பயந்தால் நுனியைக் காட்டு' என்று மண்டபச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. அதை வெட்டியவன் நான்தான். புதிதாகச் சேர்கிறவர்களைக் கையோடு அதன் முன்னால் நிறுத்தி வாசிக்க வைப்பதும் என் வேலை.

என் சகலையையும் அப்படித்தான் நிறுத்தினேன். என் மனைவியின் தங்கை புருஷன். பல் செட் செய்கிற இடத்தில் வேலை. கலகலப்பான ஆள், எல்லோருக்கும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா கிடக்கிறானே என்று ஒரு நாள் நான்தான் அழைத்துப் போனேன். அன்று அவனைத் தூங்க விட்டிருக்கலாம்.

நான் அந்த வேலையை ஒன்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். அவன் ஆறு மாதத்தில் பிடித்துவிட்டான். நான் நிஜத் துப்பாக்கியின் படத்தை வைத்து அளவெடுத்து, மயிரிழை பிசகாமல் செய்வேன். அவன் அளவுகோலைத் தொடவே மாட்டான். கட்டைவிரல் எங்கே படும், உறையில் எந்த ஓரம் உரசும் என்று சும்மா யோசித்துக்கொண்டே இருப்பான். "அண்ணே, பல்லுல எல்லாத்தையும் நேரா வச்சா பொய்ப் பல்லுன்னு தெரிஞ்சிடும். ஒண்ணு லேசா கோணலா இருக்கணும், ஒண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கணும். அப்பத்தான் ஜனங்க நம்புவாங்க" என்பான். எனக்கும் சொல்லிக்கொடுக்கிறானாம். நான் தலையாட்டினேன்.

எங்கள் போட்டிக்கு நடுவர் என் மாமனார்தான். அரசாங்க ஆயுதக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். எந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் முதலில் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. அது அவர் கையில் ஊறிய பழக்கம். நிஜத் துப்பாக்கிக்கு மட்டும்தான் அப்படிச் செய்வார். என்னுடையதை ஒன்பது வருஷமும் வாங்கித் திருப்பிப் பார்த்து, "சுத்தமான வேலை, பெரிய மாப்ள" என்று மேசையில் வைத்துவிடுவார். சகலை முதல் தடவை கொண்டுவந்ததைக் கையில் வாங்கினார். பேசிக்கொண்டே மேல்பாகத்தை இழுத்து உள்ளே பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அடப்பாவி, என்னையே ஏமாத்திட்டியே சின்ன மாப்ள" என்று சிரித்தார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது கோப்பை இல்லை. என் கையால் செய்த ஒன்றை மாமா ஒரே ஒரு தடவை அப்படி இழுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வருஷம் அவன்தான் ஜெயித்தான். கோப்பையில் பெயர் வெட்ட என் கடைக்குத்தானே வரும். மூன்று வருஷமும் அவன் பெயரை நான்தான் வெட்டினேன். ஒரு எழுத்து பிசகியது இல்லை. இன்னொன்றும் உண்டு. துப்பாக்கியின் பக்கவாட்டில் எண்ணும் எழுத்தும் இருக்குமே, அவனுடைய மூன்று துப்பாக்கியிலும் அதை வெட்டியது நான். அவனுக்கு எழுத்து வராது. "எழுத்து எங்க அண்ணன் வெட்டினது" என்று அவன் எல்லோரிடமும் சொல்லத்தான் செய்தான். பிச்சைக்காரனுக்குச் சில்லறை போடுவதுபோல் இருந்தது எனக்கு. கேட்டவர்களும் "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவன் தேய்த்த ஓரத்தைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் மட்டும் என்ன. என் மனைவிக்கு மேல்வரிசையில் ஒரு பல் விழுந்தபோது அவன்தான் செய்து கொடுத்தான். எந்தப் பல் என்று எனக்குத் தெரியும், நானே டாக்டரிடம் அழைத்துப் போனவன். ஒரு வருஷம் கழித்து அவள் சிரிக்கும்போது பார்க்கிறேன், அதுவா பக்கத்தில் இருப்பதா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவளிடம் கேட்டேன். "உங்களுக்கே தெரியலையா? அவர் கையே கை" என்றாள். அதற்குப் பிறகு அவள் சிரித்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். பொறாமை என்று இதைச் சொல்வீர்கள். நான் பொறாமைக்காரன் இல்லை. யாருக்கு எது சேரவேண்டுமோ அது சேரவேண்டும் என்று நினைக்கிறவன்.

இந்த வருஷம் போட்டிக்கு ஆறு நாள் முன்னால் அவன் தன் துப்பாக்கியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனான். எழுத்து மட்டும்தான் பாக்கி. "ஒண்ணும் அவசரமில்லண்ணே, உங்க வேலைய முடிச்சிட்டுப் பாருங்க" என்றான். அதை விளக்கின் கீழ் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடியில் ஒரு இடத்தில், உள்ளங்கை வேர்வை பட்டு வெளுத்ததுபோல் ஒரு திட்டு வைத்திருந்தான். நான் இன்னும் இருபது வருஷம் செய்தாலும் எனக்கு அது வராது. அன்று அதை ஒத்துக்கொண்டேன். மனசு லேசானது என்றே சொல்லவேண்டும்.

எழுத்தை வெட்டினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல எழுத்து அதுதான். முடித்துவிட்டுப் பார்த்தால் அந்தத் துப்பாக்கியில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. நுனியில் அந்த ஆரஞ்சு வளையம். இவ்வளவு அருமையான வேலையைப் பொம்மை என்று கூவிக்கொண்டிருந்தது. அந்தத் துப்பாக்கியின் மற்ற நிறத்தோடு ஒத்துப்போகிற கறுப்பைக் கலப்பதற்கு எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. பூசினேன். அதோடு அது முழுசானது.

அவனுக்கு ஒரு பழக்கம். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும், டியூப்லைட் பொய் சொல்லும் என்பான். துப்பாக்கிக்கும் அதே கணக்குதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்துக்கு எதிரே இருக்கிற பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நடக்கிறவர்களுக்குத் தெரியும்படி ஆரஞ்சு நுனியைப் பாதைப் பக்கம் வைத்துக்கொள்வான். பூங்காக் காவலாளிக்கும் அவனைத் தெரியும். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்குப் பெட்டியைக் கொண்டுபோய் அங்கேயே கொடுத்தேன். முன்பாதியில் ஒரு துணியைச் சுற்றியிருந்தேன். "முன்னாடி ஒரு கீறல் இருந்துச்சு, சரிபண்ணியிருக்கேன். இன்னும் காயல, சாயங்காலம் வரைக்கும் துணிய எடுக்காத. எழுத்த மட்டும் வெளிச்சத்துல பாரு" என்றேன். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

மருந்துக்கடை ஓரத்துத் தொலைபேசியில் உங்கள் அவசர எண்ணுக்குப் பேசியது நான்தான். பூங்காவில் ஒருவர் கையில் துப்பாக்கி இருக்கிறது என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. நிஜத் துப்பாக்கியா என்று எதிர்முனையில் இருந்த பெண் கேட்டாள். இத்தனை வருஷமாக இதைப் பார்க்கிறவன் என்ற முறையில் யோசித்து, எனக்கு நிஜம் மாதிரிதான் தெரிகிறது என்றேன். பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்களா என்றாள். தூரத்தில் ஊஞ்சலில் இரண்டு பேர் இருந்தார்கள். இருக்கிறார்கள் என்றேன்.

உங்கள் ஆட்கள் சீக்கிரம் வந்தார்கள். அதுவரை அவன் என் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஐயா. மூக்குக்கிட்டே கொண்டுபோய், விரலால் தடவி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். நாலு வருஷத்தில் என் எழுத்தை அப்படி யாரும் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் எனக்கு அவன்மேல் பிரியமாகக்கூட இருந்தது.

கீழே போடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவன் பயந்த மாதிரித் தெரியவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. எழுந்து நின்று, தகட்டில் நான் வெட்டி, அதன் முன்னால் நானே நிறுத்தி வாசிக்க வைத்தேனே, அதைத்தான் செய்தான். துணியை உருவினான். "பொம்ம சார், நுனியப் பாருங்க" என்று நுனியை அவர்கள் பக்கம் திருப்பினான். அவன் அதைச் செய்வான் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். வேறு எதைச் செய்வான்.

இரண்டு தடவை சுட்டார்கள். அந்த இளம் அதிகாரி பிறகு நடைபாதையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெளியாள், உறவு இல்லை, தாட்சண்யம் இல்லை. எட்டடி தூரத்தில் நல்ல வெயிலில் பார்த்து நிஜம் என்று முடிவு செய்தார். எங்கள் போட்டிக்கு அப்படி ஒரு நடுவர் வந்ததே இல்லை.

மறுநாள் அடையாளம் காட்ட எங்களை இங்கே கூப்பிட்டீர்கள். மச்சினி வரும் நிலையில் இல்லை. மாமாவும் நானும் வந்தோம். நீங்கள் துப்பாக்கியைப் பிளாஸ்டிக் பையோடு அவர் கையில் கொடுத்தீர்கள், நினைவிருக்கிறதா. அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணாடிகூடப் போடவில்லை. நுனியைப் பார்த்தார். பையோடு சேர்த்தே அவர் கட்டைவிரல் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தது. உள்ளே காலியா என்று பார்த்தார். அழுகை நிற்காமலேதான் பார்த்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சகலை போன துக்கம் என்று நினைத்து நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

பிறகு குடும்பத்தின் சார்பில் மூத்த மருமகனைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அவனிடம் இருந்த பொருள்களின் இந்தப் பட்டியலைக் கொடுத்தீர்கள். அன்று படிக்காமல் போட்டுவிட்டேன். பதினாறாம் நாள் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது வரி கைக்கடிகாரம். நான்காவது வரி: 'காற்றுத் துப்பாக்கி ஒன்று. நுனி உட்பட முழுவதும் நிஜத் துப்பாக்கி போல மாற்றப்பட்டது. மாற்றியவர்: இறந்தவர்.'

அவன் நுனியைத் தொடவே மாட்டான் என்று மச்சினி தினமும் அழுகிறாள். புத்தி கெட்டுத் தானே உயிரை விட்டுக்கொண்டான் என்று ஊரெல்லாம் பேசுகிறது. செத்தவன்மேல் பழி நிற்கக்கூடாது, அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். அவளுக்கு நான் அண்ணன் மாதிரி.

இல்லை, அவசரமில்லை, நீங்கள் உட்காருங்கள். கதவைச் சாத்தவேண்டியதில்லை, நான் எங்கும் போகமாட்டேன். பேனா எழுதுகிறதா பாருங்கள். எழுத்து என்னுடையது. நுனி என்னுடையது. அந்த இரண்டும் இல்லாமல் அது வெறும் பொம்மை. நான்காவது வரியில் அவனை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை என் மாமனாருக்கு அனுப்பிவைத்தால் போதும்.