கீறல் இல்லாத இசைத்தட்டு

பேருந்தில் காதில் விழுந்ததை எழுதுவது தகுமா என்று சில வருஷங்களாகத் தயங்கினேன். இன்று சுவாமியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தரிசனத்துக்காகப் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு பெரிய இசைத்தட்டு.

"நீ போட்ட ரெக்கார்டு போட்டோவுக்குக் கீழ, கீறல் இருக்குன்னு நான் எழுதுனது வயித்தெரிச்சல்லதான் மச்சான்," என்றார் மற்றவர்.

"தெரியும். நம்ம எலக்ட்ரானிக் மியூசிக் குரூப்புல அடுத்தவங்க போட்டோவுக்குக் கீழ குறை சொல்லக் கூடாதுல்ல? சாயங்காலத்துக்குள்ள மன்னிப்பு கேக்கலன்னா அட்மின் உன்னைத் தூக்கிடுவாரு."

"எவ்ளோ நாளா நான் தேடுன தட்டு. உனக்குப் போயி கெடைக்குது. அதைப் புதுப்பொண்டாட்டி மாதிரி மடியில வெச்சிட்டு வேற வர்ற."

"அதுக்கு நான் என்னா செய்யறது? எழுது."

அவர் போனில் எழுதி, வாய்விட்டுப் படித்தார். "கீறல் எதுவும் இல்ல. எனக்குக் கெடைக்கலன்னு பொறாமை. மன்னிச்சிடுங்க."

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அவர் போன் ஓயாமல் சத்தம் போட்டது.

"எத்தினி ஹார்ட்டுடா வந்திருக்கு?" என்றார் தட்டுக்காரர்.

"உன் போட்டோவுக்கு வந்ததைவிட ஜாஸ்தி மச்சான்."

தட்டுக்காரர் தன் போனை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "அட்மினே போட்டிருக்காரு. எனக்குப் போடல," என்றார்.

கோயிலில் இருவருக்கும் சேர்த்தே கும்பிட்டேன். இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். இருவரில் ஒருவரை மட்டும் நல்லவராக்கிவிட வேண்டாம்.