மாசம் ஒரு போன்

— போன மாசம் எத்தனை ஊசி தவறிச்சுண்ணே?

— ஒண்ணும் தவறல. வாரத்துக்கு மூணு, கரெக்டா. ஏம்மா, ஆஸ்பத்திரி நம்பர் புதுசா இருக்கு?

— அது வேற லைன். காய்ச்சல் வருதா?

— ஊசி போட்ட அன்னிக்கு வரும், விடிஞ்சா போயிடும். வீட்டுக்கு வர்ற ஒரே விருந்தாளி.

— காலு எப்படி இருக்கு?

— வலது காலு சொன்னா கேக்குது. இடது காலு யோசிச்சுட்டுத்தான் கிளம்புது.

— விழுந்தீங்களா?

— இல்ல.

— அண்ணே...

— ரெண்டு தடவை. பாத்ரூம்ல ஒண்ணு, மாடிப்படியில ஒண்ணு. ஊரு லிஃப்டெல்லாம் ரிப்பேர் பண்ணினவன் குடியிருக்கற நாலாவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் ஓடாது. அதையும் எழுதிக்கோ.

— ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லண்ணே.

— வேற எதுக்குத்தான் இருக்கு? வயசு நாப்பத்தொண்ணு. வியாதி மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், வாய்ல நுழையறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு. ஆரம்பிச்சது முப்பத்தஞ்சுல, லிஃப்டுல ஒரு பட்டன் ரெண்டாத் தெரிஞ்சுது, எதை அமுக்கறதுன்னு தெரியாம நின்னேன். அப்புறம், 'தனியா இருக்காரா?' மாசா மாசம் அதே கேள்வி. நானும் ஏதோ மாறியிருக்கற மாதிரி யோசிச்சுட்டுத்தான் ஆமான்னு சொல்றேன்.

— ஸ்கேன் பாத்தாச்சா?

— பாத்து மூணு மாசம் ஆச்சு. புதுசா ரெண்டு புள்ளி. நரம்பு வயரு மேல இருக்கற உறை இன்னும் ரெண்டு எடத்துல உரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஊசியை நிறுத்திட்டு மாத்திரைக்கு மாறுன்னாரு டாக்டரு.

— மூணு மாசமா இதை என்கிட்ட மறைச்சிருக்கீங்க. ஏன் மாறல?

— ஊசி பழகிப் போச்சு.

— அந்தக் காய்ச்சலோடயா? யார்கிட்ட கதை விடறீங்க?

— நீதானம்மா மொத நாளே படிச்சுக் காட்டின. ஊசி போடறவங்களுக்கு மாசம் ஒரு போன், மாத்திரைக்காரங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணுன்னு.

— அதுக்காகவா?

— எங்கக்கா கூப்பிடும். நல்லாருக்கியான்னு கேக்கும், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அதுவே நல்லாருன்னு சொல்லி வெச்சிடும். காலு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கறது நீ ஒருத்திதான்.

— போன காலு திரும்பி வராதுண்ணே.

— தெரியும். பேசறதுக்குக் காலு எதுக்கு?

— கிறுக்கு மாதிரி பேசாதீங்க. நாளைக்கே போயி மாத்திரை எழுதி வாங்குங்க.

— வாங்கினா அடுத்த போன் அடுத்த வருஷந்தான். அப்பவும் வாங்கச் சொல்றியா?

— வாங்குங்க. ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷம்னு அங்க சட்டம். உங்ககிட்ட மட்டும் அரைமணி நேரம் பேசறேன்னு போன மாசமே என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கண்ணே. என் கையில ஃபாரமும் இல்ல, கட்டமும் இல்ல. இது என் சொந்த நம்பர்.